லிட்டருக்கு இருபத்தாறு

அத்தியாயம் 6

"திருட்டு சார்! பட்டப்பகல்ல, என் வீட்டு வாசல்லயே திருட்டு!"

வந்தவருக்கு எழுபதை நெருங்கும் வயது. ஈரக் குடையை மூலையில் சாய்த்தார். அது நேராக நிற்கவில்லை என்று பட்டதோ என்னவோ, திரும்பிப் போய் நேராக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். சட்டைப் பையில் இரண்டு பேனா, அவற்றுக்கு நடுவே டயரில் காற்று பார்க்கிற கருவி ஒன்று. அதைப் பேனா மாதிரி சட்டைப் பையில் குத்திக்கொண்டு திரிகிற மனுஷனை வாயாடி அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தாள்.

வாயாடி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. துப்பறிவாளரிடம் உதவியாளராகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒட்டிக்கொண்டது. நாற்பதைத் தொடப் போகிறவள். ஆபீசில் அவள் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை. ஏன் இப்படி ஓயாமல் பேசுகிறாய் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். சாயந்திரம் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினால் மறுநாள் காலை வரை பேச ஆள் கிடையாது. அதனால் அன்றைய பேச்சை ஆபீசிலேயே தீர்த்துவிட்டுப் போவது அவள் வழக்கம்.

பாஸ் அவளுக்கு நேர் எதிர். வார்த்தைக்கு வாடகை கட்டுகிறவர் மாதிரி பேசுவார்.

"என்ன போச்சு?" என்றார்.

"பெட்ரோல்."

"எவ்வளவு?"

"ஒண்ணே முக்கால் லிட்டர். துல்லியமா சொல்லணும்னா அதுக்கு மேல இன்னொரு அறுபது மில்லி."

வாயாடி நிமிர்ந்தாள். "அறுபது மில்லியா? அது இருமல் மருந்து பாட்டில் அளவாச்சே சார். யாரோ இருமல் வந்த திருடன் போல."

வந்தவர் சிரிக்கவில்லை. எடை அளவு சோதனை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவராம். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சரிபார்த்தே காலம் தள்ளியவர். தன்னிடம் ஒரு சின்ன கார் இருப்பதாகவும், போன வாரம் வரைக்கும் அது லிட்டருக்கு இருபத்தாறு கிலோமீட்டர் கொடுத்ததாகவும், இந்த ஞாயிற்றுக்கிழமை டேங்கை நிரப்பிக் கணக்குப் போட்டால் பத்தொன்பதுதான் வந்தது என்றும் சொன்னார். வண்டியில் ஒழுகல் இல்லை, ஓட்டியதில் பிசகு இல்லை. ஆகவே திருட்டு. வாயாடி அப்போதே மனசுக்குள் அவருக்கு 'மில்லி' என்று பெயர் வைத்துவிட்டாள்.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

"சந்தேகம் என்ன சார், நிச்சயமே பண்ணிட்டேன். மாடியில இருக்கறவர்தான்."

"வாடகைக்கு இருக்காரா?" என்றாள் வாயாடி.

"கூடப் பிறந்தவர். என் அண்ணன்."

வாயாடி பாஸைத் திரும்பிப் பார்த்தாள்.

"பெட்ரோல் மூடிக்கு ரெண்டு சாவி. ஒண்ணு இன்னும் அவர்கிட்டதான் இருக்கு. ஆதாரத்தைப் பிடிச்சுக் குடுங்க சார். போலீசுல எழுதிக் குடுத்துடறேன். மாடியைக் காலி பண்ணிட்டு எங்கயாவது போகட்டும்."

"நேர்ல கேட்டீங்களா?"

"பேச்சுவார்த்தை கிடையாது. கார் வாங்கின நாள்லேருந்து."

பாஸ் மேஜை மேல் விரலால் தாளம் போட்டார். பிறகு, "இருபத்தாறா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இருபத்தாறு!" என்றார் மில்லி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

பாஸ் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

* * *

மழை தூறிக்கொண்டே இருந்தது. சின்ன வீடு. வெளிச்சுவரை ஒட்டி மாடிக்குத் தனிப் படிக்கட்டு. படிக்கட்டின் அடியில் அந்த வெள்ளைக் கார், குளிப்பாட்டித் துடைத்து நிறுத்தியது போல் நின்றது. பக்கத்துத் தூணில் ஒரு கரும்பலகை. அதில் சாக்கட்டியால் பெரிதாக 19 என்று எழுதியிருந்தது.

மேலே எங்கோ டிவி அலறிக்கொண்டிருந்தது. ஏதோ எலியோ முயலோ கீச்சுக் குரலில் பாட, பின்னாலேயே குழந்தைகள் சிரிக்கும் சத்தம். மாடிக் கொடியில் ஒரு சட்டை தொப்பலாக நனைந்து தொங்கியது.

"கேக்குதா? எப்பவும் நியூசைத் தவிர எதையும் பார்க்காத மனுஷன். இப்ப பாருங்க, காலையில சமையல், மத்தியானம் அழுவாச்சி சீரியல், இந்த நேரத்துக்குக் குழந்தைங்க கார்ட்டூன். திருட்டுப் பெட்ரோல் வித்து ஒரே கொண்டாட்டம்!"

"பெட்ரோல் வித்தா கார்ட்டூன் பார்க்கத் தோணுமா சார்? நான் தெரியாம ஏழு வருஷமா ஓசியில பார்த்துட்டிருக்கேன்," என்றாள் வாயாடி.

பாஸ் காரைச் சுற்றி வந்தார். மில்லி கூடவே நடந்து, லிட்டருக்கு இருபத்தாறு எப்படி வந்தது என்று விளக்கினார். டிக்கியில் ஒரு குண்டூசி கிடையாது. ஸ்டெப்னி டயரைக்கூட எடுத்துக் கூடத்தில் சோபாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். கால்மிதி இல்லை. கார் ஏசி எப்படிக் குளிரும் என்பது அவருக்கே தெரியாது. நாற்பதுக்கு மேல் வேக முள் ஏறாது. தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தாலே காலை எடுத்துவிடுவார். பிரேக்கை மிதிப்பது, எரித்த பெட்ரோலை மண்ணில் கொட்டுவதற்குச் சமம் என்பது அவர் கட்சி.

"இவ்வளவு சிக்கனமா எங்க சார் போவீங்க?"

"எங்கயும் இல்ல."

"அப்படின்னா?"

"பைபாஸ் ரோட்டுல போவேன். ஒரு மரம் இருக்கு. அதுகிட்ட திருப்பிக்கிட்டு வந்துடுவேன். தினமும்." மில்லி கைக்குட்டையால் பானெட்டில் விழுந்த ஒரு மழைத்துளியைத் துடைத்தார். "சம்சாரம் போனதுக்கப்புறம் சாயந்திரத்துல வேற ஜோலி இல்லம்மா."

வாயாடிக்கு ஏதோ கிண்டல் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டாள். சாயந்திரம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும்.

"பலகை யாருக்கு?" என்றார் பாஸ்.

"எனக்குத்தான். வாராவாரம் எழுதுவேன்."

"உங்களுக்குன்னா உங்க வாசலைப் பார்த்து மாட்டியிருப்பீங்க. இது படிக்கட்டைப் பார்த்து இருக்கு."

மில்லியின் காது மடல் சிவந்தது. மெல்லச் சொல்லத் தொடங்கினார்.

கார் இருவரும் சேர்ந்து ஆசையாக வாங்கியது. அண்ணன் தையல்காரர். கல்யாணமே செய்துகொள்ளாமல் மிஷினை மிதித்துத் தம்பியைப் படிக்க வைத்தவர். கை நடுங்க ஆரம்பித்ததும் கடையை மூடிவிட்டு மாடியோடு இருந்துவிட்டார். இருவரும் முதல் முறையாக அந்தக் காரில் வெளியே போன அன்றுதான் வினை வந்தது. இது லிட்டருக்கு இருபத்தாறு கொடுக்கும் என்றார் தம்பி. பத்தொன்பதைத் தாண்டாது, உன் அளவே தப்பு என்றார் அண்ணன்.

"என் அளவு தப்பாம்! ஊருக்கே அளவு சரிபார்த்தவன் நான். துணி அளக்கறவர் என்கிட்ட சொல்றார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சொன்னேன். ஏதோ சொன்னேன்." மில்லியின் குரல் தணிந்தது. "நீங்க இறங்கினா இன்னும் ரெண்டு கிலோமீட்டர் கூடக் கிடைக்கும்னு சொன்னேன். வண்டியை நிறுத்துன்னார். இறங்கி, அங்கேருந்து நடந்தே வீட்டுக்கு வந்தார்."

வாயாடியால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "கிடைச்சுதா சார், அந்த ரெண்டு கிலோமீட்டர்?"

"கிடைச்சுதே! கொஞ்ச நாள்லயே இருபத்தொண்ணு. அப்புறம் இருபத்து மூணு. கடைசியில இருபத்தாறு. வாராவாரம் பலகையில எழுதி வச்சேன். இறங்கி வரும்போதெல்லாம் பார்க்கட்டும்னு."

சொல்லும்போது அவர் முகத்தில் பெருமைதான் இருந்தது. ஆனால் கண் மாடிப் பக்கம் போய்விட்டு வந்ததை வாயாடி கவனித்தாள்.

"நான் மட்டுமா சார் வெறுப்பேத்தறேன்? போன வியாழக்கிழமை என்ன பண்ணார் தெரியுமா? டொக்கு டொக்குன்னு தரையைத் தட்டிக்கிட்டே இருந்தார். என் தலைக்கு மேலயே! நானும் விடல. ஒட்டடைக் கம்பை எடுத்து விட்டத்துல நாலு இடி இடிச்சேன். கப்சிப்."

பிறகு படிக்கட்டுக்கு அடியில் கையை விட்டு, ஒரு சின்ன பிளாஸ்டிக் கேனையும், ரப்பர் குழாய் சொருகிய ஒரு புனலையும் வெளியே இழுத்தார். இரண்டிலும் பெட்ரோல் வாடை. "இதோ சாமான்! நானே கண்டுபிடிச்சேன். நீங்க கையும் களவுமா பிடிச்சா மட்டும் போதும்."

"எல்லாத்தையும் நீங்களே கண்டுபிடிச்சா நாங்க எதுக்கு சார், கைதட்டவா?" என்றாள் வாயாடி.

பாஸ் கேனின் மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டார். மணிக்கட்டு வரை போயிற்று. புனலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குனிந்து, காரின் பெட்ரோல் மூடிக்குக் கீழே விரலால் தடவினார். மற்ற இடமெல்லாம் பளபளவென்று இருந்த பெயிண்ட், அங்கே மட்டும் ஒரு கோடாக மங்கிப் போயிருந்தது.

"இது எத்தனை நாளா இருக்கு?"

"ரொம்ப நாளா. எவ்வளவு துடைச்சாலும் போகல."

பாஸ் நிமிர்ந்து கொடியில் தொங்கிய சட்டையைப் பார்த்தார். "அண்ணனைக் கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"நான் ஏன் சார் பார்க்கறேன்? சத்தம் கேக்குதே, அது போதாதா?"

"கிளம்புங்க," என்றார் பாஸ். "டேங்கை வாய் வரைக்கும் ரொப்பணும். உங்க முறையிலேயே ஓட்டணும். திரும்ப ரொப்பணும். அதுவரைக்கும் கார் நம்ம கண்ணை விட்டு நகரக் கூடாது."

* * *

பங்க் நாலு தெரு தள்ளி, சிக்னலைத் தாண்டி இருந்தது. டேங்க் வழிய வழிய நிரம்பியதும் பயணம் தொடங்கியது.

வாயாடி அவள் ஆயுசில் எத்தனையோ வண்டியில் ஏறியிருக்கிறாள். ஏறுவதற்கு முன் அவள் எடையைக் கேட்டது இந்த ஒரு வண்டிதான்.

"பொம்பளைகிட்ட வயசையும் எடையையும் கேக்கக் கூடாது சார்."

"வயசு வேண்டாம்மா. வயசுக்கு மைலேஜ் குறையாது. கையில என்ன, தண்ணி பாட்டிலா? எடை. குடிச்சிட்டு ஏறு."

"குடிச்சா மட்டும் எடை எங்க சார் போகும்? பாட்டிலுக்கு பதிலா நான் சுமப்பேன். அவ்வளவுதானே?"

மில்லி இதை நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். பிறகு பாட்டிலை அனுமதித்தார். ஆதாரம் என்று பாஸ் கொடுத்த காலிக் கேனையும் அவள் மடியில் வைத்துக்கொண்டாள். ஹாரன் கிடையாது, ரேடியோ கிடையாது. ஜன்னலைத் திறந்தால் காற்று எதிர்க்கும் என்று அதுவும் கிடையாது. மூன்று பேரும் புழுங்கிக்கொண்டு பைபாஸில் ஊர்ந்தார்கள். சைக்கிளில் போன ஒரு ஆள் அவர்களைத் தாண்டும்போது இரக்கத்தோடு திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

அந்த மரம் வந்தது. ரோட்டோரத்தில் தன்னந்தனியாக நின்ற ஒரு சாதாரண மரம். மில்லி அதனருகே வேகத்தைக் குறைத்து, அரை வினாடி நின்றார்.

"அவரும் நானும் அன்னிக்கு இது வரைக்கும்தான் வந்தோம்," என்றார் யாரையும் பார்க்காமல். "இங்கதான் இறங்கினார்."

தினமும் சாயந்திரம் இவர் எங்கே போய்விட்டு வருகிறார் என்பது வாயாடிக்கு அப்போதுதான் விளங்கியது. தன் அறையும், அதில் ஒற்றை நாற்காலியும் நினைவுக்கு வந்தன. திரும்பி வரும் வழியெல்லாம் அவள் பேசவில்லை. பாஸ் ஒரு தரம் கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

இப்படிப் போய் வந்து, போய் வந்து, நல்ல தூரம் ஓட்டிய பிறகு மறுபடி அதே பங்க். அதே குழாய். டேங்க் வாய் வரைக்கும் நிரம்பியது. மில்லி மனசுக்குள்ளேயே வகுத்தார். உதடு அசைந்து நின்றது. இன்னொரு தரம் வகுத்தார்.

"பத்தொன்பது," என்றார்.

"யாரும் திருடலை. நாம மூணு பேரும் உள்ளேயேதான் இருந்தோம்," என்றார் பாஸ். "உங்க கார் கொடுக்கறதே பத்தொன்பதுதான். இந்த வாரக் கணக்கு சரி. போன வாரம் வரைக்கும் இருந்த கணக்குதான் தப்பு."

"அது எப்படி சார்? என் கணக்கு தப்பாகாது. இருபத்தாறு வந்துதே!"

"வந்துது. வாராவாரம் உங்களுக்குத் தெரியாம டேங்க்ல பெட்ரோல் ஏறியிருந்தா வரும்."

மில்லி பேந்தப் பேந்த விழித்தார். வாயாடிக்குப் பொறி தட்டியது. மடியில் இருந்த கேனைத் தூக்கினாள். "பாஸ்! இதுக்குள்ள என் கையே போகுது. இவ்வளவு பெரிய வாய்க்கு எதுக்குப் புனல்? புனல் காருக்குத்தான்! எடுக்கறதுக்கு இல்ல, ஊத்தறதுக்கு!"

"கை நடுங்கறவர் ஊத்தினா சிந்தும்," என்றார் பாஸ். "அந்த மங்கின கோடு அதுதான். ஒரேயடியா ஊத்தினா நீங்க உஷாராயிடுவீங்கன்னு, உங்க பலகையைப் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தியிருக்கார்."

மில்லி வாயைத் திறந்தார். அதற்குள், குழாயை மாட்டிவிட்டு வந்த பங்க் பெண் ஜன்னல் வழியாகக் குனிந்தாள்.

"அக்கா, அது தையல்கார ஐயா கேன்தானே? வாராவாரம் சனிக்கிழமை நடந்து வந்து வாங்கிட்டுப் போவாரு. கை நடுங்கும், நான்தான் மூடியை இறுக்கிக் குடுப்பேன். இந்த வாரம் ஆளையே காணோமே. நல்லா இருக்காரா?"

பாஸ் மில்லியின் பக்கம் திரும்பினார்.

"திருடன் ஒருத்தன் முளைச்சதால உங்க மைலேஜ் குறையல," என்றார் பாஸ் மெதுவாக. "ஊத்திக்கிட்டிருந்த ஆள் நின்னுட்டார். ஏன் நின்னார்ங்கறதுதான் இப்ப கேள்வி. மழையில நனையற சட்டையை எடுக்க ஆள் வரல. நியூஸ் மட்டுமே பார்க்கறவர் வீட்டுல, நியூஸ் முடிஞ்சும் அதே சேனல்ல கார்ட்டூன் ஓடுது. சேனலை மாத்தக் கை இல்ல."

"தட்டினாரே," என்றார் மில்லி. "வியாழக்கிழமை தட்டினாரே சார்."

கார் பங்கை விட்டு எகிறியது. முள் நாற்பதைத் தாண்டியது, ஐம்பதைத் தாண்டியது. சிவப்பு விளக்கு வரை காலை எடுக்காமல் போய் பிரேக்கைக் கிறீச்சென்று மிதித்தார். ஹாரனை அழுத்தினார். இத்தனை நாளாக அழுத்தாத ஹாரன், முதலில் கரகரத்துவிட்டு அப்புறம்தான் கத்தியது.

* * *

மாடிக் கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. மில்லி வாசற்படியிலேயே நின்றுவிட்டார். கதவில் கை வைத்தவர் தள்ளாமல் நின்றார். வாயாடிதான் தள்ளினாள்.

ஒரே அறை. டிவியில் ஒரு முயல் கேரட்டோடு ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்தால் கீழே தூணில் இருக்கும் பலகை நேராகத் தெரியும். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே, தரையில் தலையணையை இழுத்துப் போட்டுக்கொண்டு பெரியவர் படுத்திருந்தார். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. பக்கத்தில் காலியான பிஸ்கட் பொட்டலம், அடி தெரிகிற தண்ணீர்க் குடம், ஒரு கைத்தடி. உதடு வெடித்து, உடம்பு அனலாகக் கொதித்தது. கண் மட்டும் திறந்திருந்தது.

"பாத்ரூம்ல வழுக்கிடுச்சும்மா," என்றார் வாயாடியைப் பார்த்து, முன்பின் தெரியாதவளிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி. "தவழ்ந்து இது வரைக்கும் வந்துட்டேன். ரிமோட் அந்தக் கோடியில கிடக்கு. அந்த முயலை மட்டும் கொஞ்சம் நிறுத்தறியா? தாங்கல."

வாயாடி நிறுத்தினாள். கையில் கிடைத்த தன் தண்ணீர் பாட்டிலை, எடை கூடும் என்று மில்லி சந்தேகப்பட்ட அதே பாட்டிலை, அவர் வாயில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தாள். "போன் இல்லையா ஐயா? யாருக்காவது பண்ணியிருக்கலாமே?"

"இருக்கும்மா. யாருக்குப் பண்றது?"

வாயாடி பாட்டிலை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். அவள் போனிலும் ஆபீஸ் நம்பர் ஒன்றுதான் அடிக்கடி கூப்பிடும்.

பெரியவரின் பார்வை அவளைத் தாண்டி வாசலுக்குப் போயிற்று. அங்கே தம்பி நின்றுகொண்டிருந்தார். இத்தனை வருஷம் படிக்கட்டடியில் எதிரெதிரே வந்தாலும் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒதுங்கிய இரண்டு பேர்.

"தட்டினேன்டா," என்றார் அண்ணன். "நீயும் பதிலுக்குத் தட்டினே. சரி, கேட்டுடுச்சு, வந்துடுவான்னு இருந்தேன்."

மில்லி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தார். எழுபது வயது மனுஷன் தோள் குலுங்கக் குலுங்க அழுவதை வாயாடி பார்க்க மாட்டாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஏண்டா அழறே? ஞாயித்துக்கிழமை பலகையில பத்தொன்பதுன்னு போட்டிருப்பே, படுத்தபடியே கணக்குப் போட்டேன். இந்த வாரம் இறங்க முடியலடா. கோச்சுக்காதே. அன்னிக்கு உன் அளவு தப்புன்னு நடு ரோட்டுல சொல்லிட்டேன். வாயால திருப்பி வாங்கிக்க வரல. சரி, அவன் சொன்ன கணக்கே வரட்டுமேன்னுதான்."

"அண்ணே," என்றார் மில்லி. அந்த ஒரு சொல்லைக் கண்டுபிடிக்கவே அவருக்கு இவ்வளவு நேரம் ஆகியிருந்தது. "அண்ணே, பேசாதீங்க. எழுந்திருங்க. இல்ல, எழுந்திருக்காதீங்க. நான் தூக்கறேன்."

பாஸ் போனில் பேசிவிட்டு வந்தார். "ஆம்புலன்ஸ் வர நேரமாகுமாம். மழை."

"கார் இருக்கு சார்," என்றார் மில்லி.

ஒரு பக்கம் பாஸும் ஒரு பக்கம் தம்பியுமாகப் படியில் இறக்கினார்கள். காலை வாயாடி தாங்கிக்கொண்டாள். பின் சீட்டில் நீட்டிப் படுக்க வைக்கக் கதவைத் திறந்தபோது, பெரியவர் கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஏற மறுத்தார்.

"வேண்டாம்டா. நான் ஏறினா மைலேஜ் குறையும்."

சும்மா வேடிக்கைக்குத்தான் சொன்னார். உதட்டோரம் சிரிப்புக்கூட இருந்தது. ஆனால் மில்லி அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். "குறையட்டும்ணே. ஏறுங்க."

பின் சீட் முழுக்க அண்ணன்; அவர் கால் நீட்ட இடம் வேண்டுமென்று பக்கத்து முன் சீட்டையும் மடக்கியாயிற்று. பாஸும் வாயாடியும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அண்ணனுக்குக் காய்ச்சல் என்று ஏசியை முழுதாகத் திருகி, ஹாரனில் கையை வைத்தபடி, முதல் கியரிலேயே உறுமிக்கொண்டு கார் தெருவைத் தாண்டிப் போயிற்று. சத்தம் கேட்டு எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

"எவ்வளவு தரும்?" என்றார் பாஸ்.

"எது பாஸ்?"

"மைலேஜ்."

பாஸ் அவளிடம் ஜோக்கடித்தது அந்த ஒரு தடவைதான். வாயாடி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "ஒன்பது தேறாது பாஸ்."

பிறகு மாடிக்குப் போய், கொடியில் நனைந்துகொண்டிருந்த சட்டையை எடுத்துப் பிழிந்து உள்ளே போட்டுவிட்டு வந்தாள்.

* * *

அன்று சாயந்திரம் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்தாள். டிவியைப் போடலாமா என்று ரிமோட்டை எடுத்தவள் அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

போன் அடித்தது. மில்லி.

"டாக்டர் பார்த்துட்டார்மா. எலும்பு முறிஞ்சிருக்கு, கட்டுப் போட்டாச்சு. குளுக்கோஸ் ஏறுது. இன்னும் ஒரு நாள் போயிருந்தா சொல்றதுக்கில்லன்னார். சாருக்கு போன் பண்ணேன், சரின்னு ஒரு வார்த்தை சொல்லி வச்சுட்டார். உன்கிட்டயாவது கொஞ்சம் பேசலாம்னு..."

"தாராளமா பேசுங்க சார். எனக்கு வேற ஜோலி இல்ல."

"இவர்தாம்மா வாயை மூட மாட்டேங்கறார். எனக்கு ஓட்டத் தெரியலையாம். முதல் கியர்லயே முழு தூரமும் வந்தேனாம்."

பின்னாலிருந்து ஒரு பலவீனமான குரல் கேட்டது. "யாருடா போன்ல? அந்தத் தண்ணி குடுத்த பொண்ணா? நீயே சொல்லும்மா. அந்தக் கார் இருபத்தாறு குடுக்கிற காருதானே?"

"இல்லண்ணே. பத்தொன்பதுதான். நான் இன்னிக்கு அளந்து பார்த்துட்டேன்."

"உன் அளவு என்னிக்குடா தப்பாச்சு? இருபத்தாறுன்னா இருபத்தாறுதான்!"

"பத்தொன்பது அண்ணே! நீங்க அன்னிக்குச் சொன்னதுதான் சரி."

"என்னை எதிர்த்துப் பேசாதே!"

போன் அணைக்கப்படாமலே அங்கே எங்கோ கட்டிலில் வைக்கப்பட்டிருக்க வேண்டும். இருவரும் அவளை மறந்துவிட்டார்கள். இருபத்தாறு என்று ஒரு குரல், பத்தொன்பது என்று இன்னொரு குரல். நடுவே ஒரு நர்ஸ் வந்து இருவரையும் அதட்டினாள். அவள் போனதும் மறுபடி ஆரம்பித்தார்கள்.

வாயாடி போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கைப் போட எழுந்திருக்காமல், நாற்காலியில் காலை மடக்கிக்கொண்டு, பேட்டரி தீரும் வரைக்கும் அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.